பாலாற்றில் கிடந்த பச்சைக் கல்

கோபமெல்லாம் இல்லை. ஜோலார்பேட்டையில் ரயில் நகர ஆரம்பித்த பிறகு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, "அன்னிக்கு மேனேஜர்கிட்ட நான் அப்டி பேசினதுல உனக்குக் கோபமா பா?" என்று. நான் கையை மட்டும் ஆட்டினேன். ரயில் போய்விட்டது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலை பார்க்கிற மலைக்காட்டில் சிக்னல் வந்து வந்து போகிறது, பாதிப் பேச்சில் லைன் நின்றால் எனக்குத் தலை கொதிக்கும். அதுவுமில்லாமல் போனை எடுத்தால் "சாப்ட்டியா, ஷூ போட்டுக்கினு போ" என்பதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று உன் அம்மா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

உட்கார வராத ஆள் நான், உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் ஜன்னல் வழியாகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. மீசை ஒழுங்காக முளைக்கும் முன்பே உனக்கு அப்பாவாகிவிட்டேன். ஷேர் ஆட்டோ ஓட்டினேன், ஷூ கம்பெனியில் பசை தடவினேன், தோல் பதனிடுகிற டேனரியில் ட்ரம் பக்கம் நின்றேன், விட்டேன், திரும்பவும் அங்கேயே போய் நின்றேன். இப்பவும் ஆம்பூரில் நம் தெருவில் எவனாவது "இன்னாடா இது?" என்று கேட்டால், கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். சரியா தப்பா என்பது அப்புறம். நீ மட்டும் எங்கிருந்து இவ்வளவு நிதானமாக வந்தாய் என்று எனக்குப் புரியவே இல்லை. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அமிர்திக் காட்டுப் பூங்காவுக்கு உன்னைக் கூட்டிப் போன நாள் நினைவிருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் மானைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நீ அருவித் தண்ணீரில் குந்தி, புளிசாதம் கொண்டுபோன டப்பாவைக் கழுவி, அதில் கூழாங்கல் நிரப்பினாய். பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் சுமந்தேன். பொறுக்க முடியாமல் "எல்லாம் ஒரே கல்லு தானடி, கொட்டு" என்றேன். நீ அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்து, "இது ஒரே கல்லா? இத தொட்டுப் பாரு. இப்ப இத தொடு" என்றாய். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்சில் நின்றுகொண்டே வந்தோம். டப்பா முழுக்கக் கல். அன்றைக்கு உன்னைத் திட்டினேன். இன்றைக்கு நினைத்தால், அந்த வயதில் ஒரு பெண், அப்பன் கத்தும்போது கல்லைத் தொட்டுக் காட்டுகிறாள் என்றால், அவளுக்குப் பக்கத்தில் நிற்பதற்கே ஒரு கொடுப்பினை வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் செய்த தப்பை வேறெந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். ஆற்றில் பச்சையாக ஒரு கல் கிடந்தால் திருச்சிக்காரன் மரகதம் என்பான், பொறுக்கி இடுப்பில் முடிந்துகொள்வான். ஆம்பூர்க்காரன் நான்கு அடி பின்னால் நகர்வான். நமக்குப் பச்சை என்றால் குரோம். தோல் பதப்படுத்த ட்ரம்மில் கொட்டுகிற பொடி பச்சை, அதைக் கரைத்த தண்ணீர் பச்சை, கழிவுச் சேறு பச்சை, எங்கள் நகக்கண்ணும் பச்சை. மழைக்குப் பிறகு பாலாற்றில் அபூர்வமாகத் தண்ணீர் ஓடி வடிந்ததே, அப்போது நம் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஆற்றுக் கிணறு ஓரமாக மணல் அரித்துப் போய், பச்சைப் பச்சையாகக் கட்டிகள் தெரிந்தன. தெருவே கரையில் நின்றது. நம் தெரு மேரி அக்கா என்னைத்தான் கேட்டார்: "ட்ரம்ல நிக்கிறவன் நீ. இன்னாடா இது?" நான் குனியவில்லை. கையில் எடுக்கவில்லை. கரையில் நின்றபடியே சொன்னேன்: "குரோம் தான்கா. எவனோ லோடு லோடா கொட்டி, கட்டி தட்டிக் கெடக்குது."

எவனோ என்றுதான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரை வழியாக டேனரிச் சேற்றை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகிறவன் ஒரே ஆள்தான், பஷீர் பாய். உன் பஷீர் மாமா. என் தோஸ்த். நான் பேசி முடித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அதற்குள் கூட்டம் ரோட்டுக்குப் போய்விட்டது. டிராக்டரை மறித்து, சாவியைப் பிடுங்கி, "கொயந்தைங்க குடிக்கிற தண்ணில விஷத்த கொட்டறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று மேரி அக்கா கேட்டார். பஷீர் இறங்கி நின்று, "அல்லா மேல ஆணையா நான் கம்பெனியோட சேத்து யார்டுல தான் கொட்டறேன் கா" என்றான். யாரும் கேட்கவில்லை. அவன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். "டேய், நீயாவது சொல்லேன்டா!" என்றான். "அவன்தான்யா சொன்னான்" என்றது கூட்டம். பஷீர் டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான்.

தெரு கம்ப்ளெய்ன்ட் கொடுத்ததும் எங்கள் டேனரி மேனேஜர் மறுநாளே கையைக் கழுவிக்கொண்டார். "டிரைவர் தப்பு பண்ணிருந்தா கம்பெனி இன்னா பண்ணும்? விஷயம் ஆறட்டும், வீட்ல இரு" என்று பஷீரை அனுப்பிவிட்டார். அவன் வேலை போனதோடு நிற்கவில்லை. தெருவில் போனால் "விஷம் போறான்" என்று பிள்ளைகள் சொல்ல ஆரம்பித்தன.

அந்த வாரம்தான் நீ ஜியாலஜி படிப்பை முடித்துவிட்டு, வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தாய். விஷயத்தைச் சொன்னேன். நீ கேட்ட முதல் கேள்வி: "கையில எடுத்துப் பாத்தியா பா?"

"பாத்தா தெரியாதா? எத்தினி வருஷமா பாக்கறேன்."

"எடுத்துப் பாத்தியா இல்லியா?"

"இல்ல."

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாய். ஒரு பையில் பச்சைக் கட்டிகளோடு வந்தாய். உன் அம்மா ஒரு மூச்சுக் கத்தினாள், வீட்டுக்குள் குரோமைக் கொண்டுவருகிறாள் என்று. நீ என்னிடம் கம்பெனியிலிருந்து ஒரு சிட்டிகை குரோம் பொடி கேட்டாய். கொண்டுவந்தேன். ஒரு கண்ணாடி டம்ளரில் பொடி, இன்னொன்றில் கல். பொடி போட்ட தண்ணீர் அப்போதே பச்சையானது. கல் போட்ட தண்ணீர் மறுநாள் வரைக்கும் குடிதண்ணீர் மாதிரியே இருந்தது. எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது. "குரோம் இல்ல, முடிஞ்சுது, நான் போயி சொல்லிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டினேன். "பொடி கரையுது, கல்லு கரையல. அவ்ளோதான் இப்ப தெரியும். உக்காரு" என்றாய்.

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு வாத்தியார் சொல்லி நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

காய்கறிக் கத்தியால் கீறச் சொன்னாய். கத்தி வழுக்கியது, கல்லில் கோடு விழவில்லை. காய்ந்த சேறாக இருந்தால் நகத்துக்கே உதிர்ந்திருக்கும். உடைந்த பாத்ரூம் டைல்ஸின் பின்பக்கச் சொரசொரப்பில் அதைத் தேய்த்தாய். பச்சைக் கோடு வரும் என்று நான் பந்தயம் கட்டினேன். வெளுத்த சாம்பல் கோடுதான் வந்தது. "பாக்கறதுக்கு ஒரு கலர் இருக்கும் பா, பொடியாக்கினா வேற கலர் வரும். கல்லுக்கு அதுதான் கைரேகை மாதிரி" என்றாய். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு விட்டாய், பொங்கவில்லை. செம்புக் கல் என்று ஏதோ பச்சை வகை இருக்கிறதாமே, அதுவாக இருந்தால் பொங்கும் என்றாய். பாட்டில் கண்ணாடித் துண்டோ என்று ஒன்றைச் சுத்தியலால் உடைத்துப் பார்த்தாய். கண்ணாடி சிப்பி மாதிரி வளைந்து உடையுமாம், இது ஒரு பக்கம் வழவழவென்று தட்டையாகப் பிரிந்தது. இதற்குள் எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. "அப்ப மரகதமாடி?" என்றேன், குரலைத் தாழ்த்தி. நீ சிரித்தாய். ஆற்றிலிருந்து எடுத்த ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை அதன் மேல் தேய்த்தாய். கோடு விழுந்தது. "மரகதமா இருந்தா இந்த வெள்ளக் கல்லு கீறாது. உன் ஆசையும் போச்சு" என்றாய். ஒரே மேசையில் என் பயத்தையும் காலி செய்தாய், பேராசையையும் காலி செய்தாய்.

அதற்கப்புறமும் நீ நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "இது எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கணும்" என்று என் வண்டியில் ஏறிக்கொண்டாய். கிணற்றுக்குச் சற்று மேலே ஆற்றில் வந்து சேர்கிற ஓடை வழியாகவே மலையடிவாரம் வரை போனோம். வண்டியை விட்டுவிட்டு முள்ளுக்குள் நடந்தோம். நான் ஒவ்வொரு வளைவிலும் "இங்க இல்லடி, திரும்பலாம்" என்றேன். நீ குனிந்து குனிந்து போய்க்கொண்டே இருந்தாய். ஓடைக்குள் புடைத்து நின்ற ஒரு பாறையில் இளஞ்சிவப்புக்கு நடுவே பச்சைப் பட்டை ஒன்று ஓடியது, புடவைக் கரை மாதிரி. நீ பையிலிருந்த கல்லை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாய். இரண்டும் ஒரே கல்தான். மழையில் உடைந்து உருண்டு ஆற்றுக்குப் போயிருக்கிறது. அங்கே டேனரி கிடையாது, ரோடு கிடையாது, டிராக்டர் போக வழி கிடையாது. நீ பாறை மேல் கையை வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த மாதிரி ஒரு வேலை எனக்கு வாய்த்திருந்தால் நானும் ஒரே இடத்தில் நின்றிருப்பேனோ என்னவோ.

"பேரு இன்னா?" என்றேன்.

"எபிடோட்னு நெனைக்கிறேன். பிஸ்தா கலர்னு புக்ல போட்டிருக்கும்."

"நெனைக்கிறியா? இவ்ளோ பண்ணிட்டு நெனைக்கிறேன்ற?"

"காலேஜ் மேடம்கிட்ட அனுப்பி மைக்ராஸ்கோப்ல பாக்க சொல்றேன். அப்புறம் சொல்லலாம்."

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். புகழ்ந்துகொண்டே போனால் அப்பன் வேலை பாதிதான் நடக்கும். உன் மேடம் பதில் போட நாளானது. நீ பொறுமையாக இருந்தாய், அது சரி. ஆனால் அந்த நாளெல்லாம் பஷீர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தான். நீ அவனிடம் போய், "மாமா, எனக்கு இன்னும் முழுசா தெரியல, பாத்துக்கினு இருக்கேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் வெட்கத்தில் போகவில்லை. உன் வேலையில் இனிமேல் நிறையப் பேர் நீ சொல்லப்போவதற்காகக் காத்திருப்பார்கள். மெதுவாகவே சொல். ஆனால் காத்திருக்கிறவனிடம், இன்னும் தெரியவில்லை என்பதையாவது போய்ச் சொல்லிவிட்டு வா. இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

மேடம் எபிடோட்தான் என்று சொன்ன அன்றைக்கு நீ போய்ப் பஷீரைக் கூட்டி வந்தாய், நாம் மூன்று பேரும் மேனேஜரைப் பார்க்கப் போனோம். பஷீர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். நீ கல்லையும் டைல்ஸையும் மேசையில் வைத்து எல்லாம் காட்டினாய். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "சூப்பர்மா! நம்ம ஊரு பொண்ணு! ஒரு வீடியோ பேசிடு. 'நான் ஜியாலஜி படிச்சவ, பாலாத்துல குரோம் இல்ல'ன்னு. நான் எல்லா க்ரூப்லயும் போட்டுடறேன். பஷீர் இப்பவே வண்டி ஏறட்டும்" என்றார்.

நீ சொன்னாய்: "இந்தக் கல்லு குரோம் இல்ல சார். அத எத்தினி வாட்டி வேணா பேசறேன். ஆத்துல குரோம் இல்லன்னு பேச மாட்டேன். நான் தண்ணிய பாக்கல."

"ரெண்டும் ஒண்ணு தானம்மா."

"இல்ல சார். கல்ல வெச்சு தண்ணிக்கு எப்டி சொல்றது?"

மேசைக்கு அடியில் உன் காலை நான் மிதித்தேன். "சொல்லிட்டுப் போயேன்டி, ஒரு வரிதான" என்று காதில் சொன்னேன். நீ காலை இழுத்துக்கொண்டாய். மேனேஜர் சிரிப்பை நிறுத்தினார். "சரி. அப்ப பஷீர் இன்னும் கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். வெளியே வந்ததும் பஷீர் நமக்கு முன்னால் வேகமாக நடந்துபோனான். "மாமா" என்று கூப்பிட்டாய். திரும்பவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் இருந்தது. ஆமாம், இருந்தது. இரண்டு பிள்ளை வைத்திருக்கிறவன், ஒரு வரியில் வேலை வந்திருக்கும், நீ தரவில்லை. வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை, நீயும் சாப்பிடவில்லை.

ஆனால் மறுநாள் நீ செய்ததைப் பார்த்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர் தொட்டியண்டை குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களுக்கு நடுவே போய் டம்ளர், கல், டைல்ஸ் எல்லாவற்றையும் பரப்பினாய். மேரி அக்கா கையில் கல்லைக் கொடுத்து, "நீங்களே தேயிங்க பெரிம்மா" என்றாய். அவர் பயந்து முந்தானையால் பிடித்துத் தேய்த்தார். கோட்டைப் பார்த்தார். அப்புறம் முந்தானையை விட்டுவிட்டு வெறும் கையால் இன்னொரு தடவை தேய்த்தார். "அப்ப அந்த பாய் கொட்டலியா?" என்றார். "இது கல்லு பெரிம்மா. மலையில இருந்து வந்துச்சு. யாரும் கொட்டல." "அப்ப தண்ணி நல்ல தண்ணியா?" "அது எனக்குத் தெரியாது. டெஸ்ட் பண்ணாதான் தெரியும். அதுக்குத் தண்ணிய எப்டி எடுக்கணும்னு சொல்லித் தரேன்." கல் ஒவ்வொருவர் கையாக மாறிப் போனது. தெரியாது என்று நீ சொன்னதால்தான் மற்றதை அவர்கள் நம்பினார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லாம் தெரியும் என்று கத்துகிற நான் சொல்லியிருந்தால், "தோஸ்துக்காகப் பேசறான்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

நீ ரயில் ஏறின பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. மேரி அக்கா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீதானடா மொதல்ல சொன்ன, நீயே பேசு" என்றார். மேனேஜர் வந்தார். நான் வழக்கம்போல ஏழெட்டு விஷயம் பேசத்தான் வாயைத் திறந்தேன். நீ மேசையில் பேசினது நினைவுக்கு வந்தது. "சார், நான் அந்தக் கல்ல கையில எடுத்துப் பாக்காம குரோம்னு சொன்னேன். அது குரோம் இல்ல. பஷீர் கொட்டினத யாரும் பாக்கல" என்றேன். அதோடு நிறுத்தினேன். நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேரி அக்கா, "கம்ப்ளெய்ன்ட் குடுத்த நாங்களே வாபஸ் வாங்கறோம், அப்புறம் அந்த ஆள எதுக்கு வூட்ல உக்கார வெச்சிருக்க?" என்றார். மேனேஜர் கேட்டில் நின்ற பெண்களை எண்ணுவதுபோல் பார்த்தார். "சரி, திங்கக்கெழம வரச் சொல்லு" என்று உள்ளே போனார்.

அங்கிருந்து நேராகப் பஷீர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்மேலதான்டா" என்றேன். "தெரியும்டா" என்றான். "உன் வாய் எனக்குத் தெரியாதா? ஆனா உன் பொண்ணு மேல தான் எனக்கு ரொம்பக் கோபம் வந்துச்சு." அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். பஷீர் டீயை என் பக்கம் தள்ளினான். அப்புறம், சின்னதிலிருந்து உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே பேட்டா என்று சொல்லிக் கேட்டான்: "தண்ணிய எப்டி எடுக்கணும்னு பேட்டா சொன்னா?"

"எந்தத் தண்ணி?"

"கெணத்துத் தண்ணி. என் புள்ளைங்களும் அதத்தான்டா குடிக்குது. நான் யார்டுல கொட்டினது யார்டுலயே தான் நிக்குதா, எறங்கி வருதான்னு எனக்குத் தெரிஞ்சாவணும். திங்கக்கெழம வண்டி ஏறதுக்கு முன்ன தெரிஞ்சா நல்லது."

கெட்ட தண்ணீர் என்று ரிசல்ட் வந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சேற்றை ஏற்றுகிறவன் அவன், அது கிளம்புகிற ட்ரம் பக்கம் நிற்கிறவன் நான். ஆனாலும் நீ மேரி அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே இன்று காலை மேரி அக்கா, பஷீர், நான் மூன்று பேரும் கிணற்றுக்குப் போனோம். பாட்டிலை முதலில் அதே தண்ணீரில் அலசி, கழுத்து வரை நிரப்பி, எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று மேலே ஒட்டினோம். வேலூர் லேப்பில் டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பஷீர் வண்டியோடு வாசலில் நின்று, "எழுதினது போதும் வாடா, லேப் சாத்திடுவான்" என்று ஹாரன் அடிக்கிறான். மடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார ஓர் ஆள் வேண்டுமாம். நான் போகணும்.